ஏ.சி. பெட்டியும் காக்காய்ச் சாதமும்

எங்கள் வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் காக்காய்க்குச் சாதம் வைக்கும் மேடையாக்கியது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிளஸ் டூ பெண்களுக்குப் பத்து வருஷமாக மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் செய்த காரியம் அது. யாராவது மாணவி இப்படிச் செய்திருந்தால் அவளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், என் மாமனார். மாமியார் அதற்கு முந்தின வருஷம் மே மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் முன்னறையில் டியூஷன் எடுப்பேன். பதினான்கு பெண்கள். சன்னலைத் திறந்தால் தெருவில் ஆட்டோ சத்தம், மூடினால் வேர்வை. மயங்கி விழுந்த பெண்ணுக்கு ஒருநாள் மோர் கொடுத்து எழுப்பிய பிறகு, போதும்டா சாமி என்று தி.நகர் கடை ஒன்றில் போய் ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி. வாங்கி வந்துவிட்டேன். எங்கள் கட்டடத்தில் அதுதான் முதல் ஸ்ப்ளிட். மற்ற வீடுகளில் சன்னலில் உட்காரும் ஏ.சி.கூடக் கிடையாது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்பெட்டி முன்னறைச் சுவரில். வெளிப்பெட்டி பின்பக்க பால்கனிக்கு வெளியே, சன்ஷேடு மேல் இரும்புச் சட்டம் அடித்து உட்கார்த்தப்பட்டது. பால்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு முழம் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதை ஒட்டியே மொட்டை மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் பழைய இரும்பு மழைக் குழாய்.

காக்காய்க்குச் சாதம் வைப்பது மாமியாரின் வேலையாக இருந்தது. தினமும் பதினோரு மணிக்குச் சமையல் முடிந்ததும், நெய் விட்ட சாதத்தை இலை நறுக்கில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். அவர் போன பிறகு மாமனார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். காக்காய் சாப்பிட்டால்தான் அவர் இலையில் உட்காருவார். ஆனால் அவருடைய முழங்கால் மொட்டை மாடிப் படிகளுக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்து எனக்குத்தான் அந்த மகத்தான யோசனை தோன்றியது.

"எதுக்குப்பா மாடிக்குப் போகணும்? இந்தப் பெட்டி மேல வையுங்கோ. தட்டையா, மேடை மாதிரி இருக்கு."

கைப்பிடிச் சுவருக்கு அப்பால் இருந்த பெட்டியின் தலை அவருக்கு எட்டாது என்பதால் மர முக்காலி ஒன்றையும் நானே இழுத்துப் போட்டேன். அவர் அதன் மேல் ஏறி, இலையோடு சாதத்தை வைத்து, "கா கா" என்று கூப்பிட்டார். இரண்டே நிமிஷத்தில் நாலு காக்காய். மனிதருக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் பெருமைதான். அதே பெருமையோடு இரண்டு மாதம் ஓடியது.

மே மாதம் பிறந்தது. அடுத்த வருஷத்துப் பெண்களுக்கு விடுமுறை வகுப்பு ஆரம்பித்தேன். திங்கள் முதல் சனி வரை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு. அதே வாரத்தில்தான் காக்காய்கள் வராமல் போயின.

முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் மாமனார் ஒரு மணிவரை முக்காலி மேலேயே நின்றார். மூன்றாம் நாள் நான் வடை பொரித்துக் கொடுத்தேன். நாலாம் நாள் அப்பளம். அதற்கடுத்த நாள் கடையில் வாங்கிய மிக்ஸர். பால்கனிக்கு எதிர் வீட்டுத் தென்னை மரத்தில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. ஒன்றிரண்டு இரும்புக் குழாய் வரைக்கும் வந்துவிட்டு, அலறிக்கொண்டு பறந்து போயின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே ஒரு காக்காய் வந்து, திருடன் மாதிரி நாலு கொத்துக் கொத்திவிட்டுப் போனது.

"ஞாயித்துக்கிழமைன்னா அவளுக்குக் கொஞ்சம் மனசு இளகும்," என்றார் மாமனார்.

அப்போதுதான் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. வராதது காக்காய் இல்லை அவருக்கு.

காக்காய் எடுக்காவிட்டால் அவரும் சாப்பிட மாட்டார். ஒரு மணி இரண்டானது, இரண்டு மூன்றானது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மூன்று மணிவரை இருந்தால் என்ன ஆகும்? ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிவரை கூடக் காத்திராமல், அது ஆயிற்று. வகுப்பு முடிந்து பெண்களை அனுப்பிவிட்டுப் பின்பக்கம் வந்தால், அவர் முக்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது. ஓடிப் போய்ச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்தேன். மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"காக்கா இன்னும் சாப்பிடலை."

"காக்காய்க்குச் சர்க்கரை வியாதி இல்லை, உங்களுக்குத்தான் இருக்கு! வாயைத் திறங்கோ!"

மாமனாரிடம் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு அடுத்த ஃப்ளாட் வரைக்கும் கேட்டிருக்கும். சர்க்கரை சாதத்தில் சேர்த்தியில்லை என்று நானே ஒரு சாஸ்திரம் சொல்லி வாயில் போட்டேன். பத்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"போன வருஷம் இதே வெயில்ல கேட்டாம்மா அவ. ஏன்னா, நம்மாத்துல ஒரு ஏ.சி. போட்டுக்கலாமான்னு. மயிலாப்பூர்ல கடல் காத்து இருக்கறச்சே பெட்டிக் காத்து எதுக்குடீன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் இருபது நாள்தான் இருந்தா. இப்போ அந்தப் பெட்டி மேலேயே சாதத்தை வெச்சுண்டு வா வான்னா எப்படி வருவா?"

  மாமியாரின் முதல் வருஷத் திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கும் காக்காய் எடுக்கவில்லை என்றால் இவர் அதோடு சாப்பாட்டையே விட்டுவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிடிவாதத்தில் அவர் பிள்ளைக்கு அப்பா.

ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். "பசுமாட்டுக்கு அகத்திக் கீரை கொடுத்தா சரியாப் போயிடும்னு ஆபீஸ்ல சொன்னா," என்றார். ஆபீஸில் எல்லாப் பிரச்சினைக்கும் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பித்ருக்கள் காக்காயாக வருகிறார்கள் என்று நான் நம்பியதில்லை. ஆனால் காக்காய் காரணமில்லாமல் நெய்ச் சாதத்தை விடாது என்பதை நம்பினேன். அதற்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் என்ன டீச்சர்?

மறுநாள் பெண்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, பதினொன்றரை மணிக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒரு காக்காய் வந்தது. பெட்டி மேல் நேராக இறங்கவில்லை. இரும்புக் குழாயின் வளையத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, கழுத்தை நீட்டியது. இலையிலிருந்து வழிந்து பெட்டித் தகட்டில் கிடந்த ஈரச் சாதத்தைக் கொத்தியது. கொத்திய வேகத்தில் தூக்கிப் போட்டது மாதிரி துள்ளியது. அப்படி ஒரு அலறல். தென்னை மரத்தில் இருந்த எல்லாம் சேர்ந்து கத்தின.

கால் தரைக்கு இறங்கும் குழாயில், அலகு பெட்டியில்; நடுவில் காக்காயே ஒயர்.

முன்னறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது, ஏ.சி. ஓடாது. அன்றைக்குக் காக்காய் சாப்பிட்டது.

உடம்பெல்லாம் எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. காக்காய்க்காக இல்லை. குளித்த ஈரத்தோடு, ஈரக் கையோடு, தினமும் அந்தப் பெட்டி மேல் குனிந்த மனிதரை நினைத்து. அவர் நின்றது மர முக்காலி மேல். பெட்டியைத் தொட்டது வாழையிலை. தப்பித் தவறி ஒருநாள் தரையில் நின்றுகொண்டு அதன் மேல் கை வைத்திருந்தால், திவசம் இரண்டாகியிருக்கும்.

மாமனாரைக் கூப்பிட்டேன். கிட்டே வர வேண்டாம், வாசற்படியிலேயே நில்லுங்கள் என்றேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, முக்காலி மேல் ஏறினேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை எதையும் தொடக்கூடாது. கரண்ட் பார்க்கும் டெஸ்டரின் நுனியைப் பெட்டியின் திருகாணியில் வைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

"தெரியறதாப்பா?"

"எரியறதே."

"பெட்டி முழுக்கக் கரண்ட் ஓடிண்டிருக்கு. காக்காய்க்கு ஷாக் அடிக்கறது. அதான் வரலை. கோபமும் இல்லை, ஒண்ணும் இல்லை."

 சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்: "அவளுக்கு வலிச்சிருக்குமோ?"

பித்ருவையும் காக்காயையும் பற்றி நான் பெரிதாக வைத்திருந்த அபிப்பிராயமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போன இடம் தெரியவில்லை. "இல்லப்பா, சின்ன ஷாக்தான்," என்றேன். சொல்லிவிட்டு நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, ஏ.சி.க்கான ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பெண்களிடம் வகுப்பு முடிந்தது என்றேன். ஏன் மேடம் என்று ஒருத்தி கேட்டாள். மேடம் ஒரு முட்டாள், அதனால்தான் என்று சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கடைக்காரர்கள் அனுப்பும் ஆள் அடுத்த வாரம்தான் வருவான் என்றார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். போன் போட்டுச் சொன்னதும் மறுநாள் காலையில் பழைய ஸ்கூட்டரில் கயிற்றுச் சுருளும் பையுமாக வந்து இறங்கினார்.

"இன்னா டீச்சரம்மா, காக்காய்க்கு ஷாக் அடிக்குதுன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ண மொத ஆளு நீங்கதான்."

நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், தைரியமாக இறங்கலாம் என்றேன். அவர் இறங்கவில்லை. "ஃபியூஸு எங்க கீது?" என்றார். அலமாரியைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டினார்.

"அலமாரில இருந்தா யாருனா எடுத்து மாட்டிடுவாங்க. அடையார்ல ஒரு வூட்ல நான் வெளிய தொங்கிகினு கீறேன், வூட்டுக்காரர் ஆபீஸ்லேந்து வந்தாரு, இன்னா பொழுக்கமா கீதேன்னு சுவிட்சப் போட்டாரு. தம்மாத்துண்டு நேரம். இதோ பாரு." முழங்கையில் ஒரு பெரிய தழும்பு. "அதுலேந்து ஃபியூஸு ஒரு மனுசன் கையில இருந்தாத்தான் நான் வெளிய கால் வைப்பேன். அந்த ஆளு எடத்த வுட்டு நகரக் கூடாது."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்த என் மாமனாரிடம் போனார். ஃபியூஸ் கட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

"பெரியவரே, என் உசுரு உங்க கையில கீது. நானா வந்து கேட்டாத்தான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்காதீங்க."

என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

பால்கனிக் கம்பியில் கயிற்றைக் கட்டப் போனேன். "அது துரு புடிச்சு கீதும்மா, என்னையும் சேத்துக்கினு கீழ போவும்," என்று சொல்லி, வீட்டுக்குள்ளே இருந்த தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, மறு முனையை இடுப்பில் முடிந்துகொண்டு சன்ஷேடில் இறங்கினார். முதலில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பிறகு மேல் தகட்டைக் கழற்றினார். உள்ளே உருளையாக ஒன்று தெரிந்தது. இதானா கப்பாசிட்டர் என்று நான் சுவருக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டப் போக, அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"டீச்சரே! ஆஃப் பண்ணாலும் இதுக்குள்ள கரண்ட்டு ஒக்காந்துகினு கீது."

பையிலிருந்து ஒயர் வைத்த குண்டு பல்பை எடுத்து அதன் முனைகளில் வைத்தார். பளிச்சென்று ஒருதரம் எரிந்து அணைந்தது. கப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்று எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதை நேரில் பார்த்து, வெட்கப்பட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒரு மெஸ்ஸே நடந்துகினு கீது உள்ள!" என்று கத்தினார். நெய்ச் சாதம் இடுக்குகளில் விழுந்து அடை மாதிரி காய்ந்து கிடந்தது. சாதத்துக்கு எலி வந்திருக்கிறது. எலி சாதத்தைத் தின்றுவிட்டு ஒயரின் தோலையும் தின்றிருக்கிறது. செம்புக் கம்பி பளபளவென்று தகட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. சரி, அப்படியே இருந்தாலும் எர்த் ஒயர் என்று ஒன்று இருக்கிறதே, அது கரண்டைத் தரைக்குக் கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பெட்டியை மாட்டியவர்கள் அதைக் குளியலறைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தார்கள். இரும்புக் குழாயாக இருந்தவரை சரி. ஏப்ரல் கடைசியில் கட்டடத்துத் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் மாற்றிப் பிளாஸ்டிக் போட்டார்கள். ஒயர் இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை அழகாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. புதுக் குழாய் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அன்று பகல் முழுக்க வேலை நடந்தது. எலி தின்ற ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயரை இரும்புக் குழலுக்குள் போட்டு இழுத்தார். மின்சாரம் இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, மற்றப் பக்கத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டு, மெத்தென்ற பிரஷால் சோற்றை இழுத்து எடுத்தார். வளைந்திருந்த மெல்லிய தகடுகளைத் தலை வாரும் சீப்பால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்தச் சீப்பு என்னுடையது. கீழே பின்பக்க மண்ணில் ஆள் வைத்துக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் கல்லுப்பும் கொட்டி, எர்த் ஒயரை அதில் கட்டினார்.

மத்தியானம் என் கணவர் வந்தார். விஷயம் தெரியாமல், "என்னப்பா அது கையில?" என்று கேட்டு வாங்கப் போனார். மாமனார் முஷ்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தொடாதே! ஒரு மனுஷனோட உசுர்டா இது!"

பெற்ற பிள்ளையிடம் அப்படி ஒரு சத்தம். அவர் காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் தட்டில் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். வலது கையில் சாப்பிட்டார், இடது கையில் ஃபியூஸ். காக்காய் எடுத்ததா என்று அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை.  நாலு மணிக்கு மெக்கானிக் உள்ளே ஏறி வந்து, கயிற்றை அவிழ்த்து, கையை நீட்டினார். மாமனார் முஷ்டியைத் திறந்தார். உள்ளங்கையில் ஃபியூஸின் அச்சு பதிந்து சிவந்திருந்தது.

ஏ.சி.யைப் போட்டோம். திருகாணியில் டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியவில்லை. நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் எரியவில்லை. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. உள்ளே காற்று, பெட்டியை வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு மடங்கு குளிர்ச்சியாக வந்தது.

"இனிமே பொட்டி மேல ஒண்ணும் வெக்கக் கூடாது," என்றார் மெக்கானிக். "சோறு, பூந்தொட்டி, துணி, ஒண்ணும். எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்திகினே இருங்க, காயக் கூடாது."

காக்காய்க்குப் பால்கனியின் மறு கோடியில், பெட்டிக்கும் குழாய்க்கும் எட்டாத இடத்தில், சுவர் மேல் ஒரு மரப் பலகையை அவரே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். காக்காய்களுக்கு யார் சொல்வது? பலகையில் சாதம் வைத்தால் தென்னை மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன. ஆறு நாள் ஆயிற்று. அடுத்த நாள் திவசம். காரணம் தெரிந்த பிறகு மாமனார் இரண்டு மணிக்குமேல் அடம் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு கரண்டிக்குமேல் இறங்கவும் இல்லை. தினமும் காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டே கீழே போய் எர்த்துக் குழிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். "சரியா இருக்கோன்னோ?" என்று என்னைக் கேட்பார். இருக்கிறது என்பேன். "பின்னே ஏன் வரலை?" என்பார்.

திவசத்தன்று விடியற்காலையில் நான் செய்த முதல் வேலை, மெயினை அணைத்து ஏ.சி. ஃபியூஸைப் பிடுங்கி மடிசாரின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டது. வீடு முழுக்க ஈரம், ஈர வேஷ்டி, ஈரத் தரை. மெக்கானிக் சொன்னபடி அது ஒரு மனுஷர் கையில் இருக்கட்டும் என்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஹோமம் முடிந்தது. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். என் கணவர் பிண்டத்தைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். தென்னை மரத்தில் ஏழு காக்காய். எண்ணினேன். ஒன்று இறக்கையைக் கோதியது. ஒன்றும் இறங்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. "நாழியாறதே," என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மாமனார் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

திடீரென்று அவர் என் கணவரை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முக்காலி இல்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, எட்டி, வெளிப்பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்தார். மறு கையால் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

நான் கத்திவிட்டேன். இடுப்பில் ஃபியூஸ் உறுத்திக்கொண்டிருக்கிறது, பெட்டியில் கரண்ட் இல்லை என்று நன்றாகத் தெரியும், இருந்தும் கத்திவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. தென்னை மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாருடீ. ஒண்ணும் பண்ணலை. என் மாட்டுப்பெண் சரி பண்ணிட்டா. அவ சரி பண்ணினா அது சரியாத்தான் இருக்கும். வா."

மரத்தில் ஒன்று கரைந்தது. பிறகு இறங்கி வந்தது. பலகை ஓரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்து, ஒரு பருக்கையைக் கொத்தியது. துள்ளவில்லை. இன்னொன்று கொத்தியது. அதற்குள் மற்ற ஆறும் வந்து இறங்கின. பலகையில் இடம் போதாமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தின்றன. என் கணவர் சிரிக்கிறார், வாத்தியார் "பேஷ்" என்கிறார், நான் மடிசார் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். மாமனார் மட்டும் கையை எடுக்காமல் அப்படியே நின்று, கடைசிப் பருக்கை போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டதைப் பார்த்திருக்க வேண்டும். எள்ளுருண்டை மட்டும் மூன்று. நான் சர்க்கரையை ஞாபகப்படுத்தினேன். "நாளைக்குச் சொல்லு," என்றார்.

மூன்றரை மணிக்கு முன்னறைக்கு வந்தார். ஏ.சி. வாங்கிய நாளிலிருந்து அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. வந்து, நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "போடும்மா," என்றார்.

மாட்டுவதற்கு ஃபியூஸ் வேண்டுமே. இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"கார்த்தாலேந்து அங்கேயா இருந்தது?"

"ஆமாம்ப்பா."

"நான் அத்தனை பேர் முன்னாடி பெருமையாச் சொல்லிண்டு கையை வெச்சேன். நீ ஃபியூஸைப் பிடுங்கி வெச்சிண்டு நின்னுண்டிருக்கே. உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"என் வேலை மேல நம்பிக்கை இருக்கு. உங்க மேலதான் இல்லை."

ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. மாமியார் போன பிறகு அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் கணவர் என்னவோ ஏதோ என்று அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

ஃபியூஸை மாட்டி, மெயினைப் போட்டேன். காற்று வர ஆரம்பித்தது. அவர் முகத்தை அதற்கு நேராகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார்.

"நன்னாத்தான் இருக்கு. அன்னிக்கே வாங்கியிருக்கலாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவளும் இதைத்தான் சொன்னா," என்றார்.

திவசத்துக்காகச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்திருந்த வகுப்புக்கு நாலு மணிக்குப் பெண்கள் வந்தபோது அவர் அந்த நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு பேரையும் அவரைச் சுற்றித் தரையில் உட்காரச் சொல்லி, எர்த் ஒயர் எதற்கு என்ற பாடத்தை அவர் குறட்டைக்கு நடுவே ரகசியக் குரலில் நடத்தினேன்.